பத்திரம் இல்லாதவனுக்கு ஜாமீன் இல்லையா?

இங்கே அமெரிக்காவில் ஜெயில் வேறு, பிரிசன் வேறு. பெரிய தண்டனை வாங்கினவன் போவது பிரிசன். கைதாகி வழக்கு முடியாமல், ஜாமீன் கட்டக் காசில்லாமல் கிடக்கிறவனும், சில மாசத் தண்டனைக்காரனும் இருப்பது கவுண்டி ஜெயில். நம்ம ஊரில் பேச்சுவழக்கில் இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான், "உள்ளே". "அவன் பையன் உள்ளே இருக்கானாம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தீர்ப்பு வந்ததா, குற்றப்பத்திரிகையாவது போட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே போனவன் குற்றவாளி, அவ்வளவுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நூறு பேரில் கிட்டத்தட்ட 76 பேர்! இவர்களைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. அமெரிக்காக்காரன் பெருமைப்பட்டுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இங்கே கவுண்டி ஜெயில்களில் பத்தில் ஏழு பேர் இப்படித்தான். 2010ல் நியூயார்க்கில் ஒரு பையைத் திருடினான் என்று கலீஃப் பிரௌடர் என்ற 16 வயதுப் பையனைப் பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர். வீட்டில் பணமில்லை. விசாரணையே நடக்காமல் மூன்று வருஷம் ரைக்கர்ஸ் தீவில் கிடந்தான். பிறகு வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். 2015ல் தற்கொலை செய்துகொண்டான்.

இங்கே பணம் கேட்கிறார்கள், நம்ம ஊரில் காகிதம் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் ஊரிகத்துக்காரன். கே.ஜி.எஃப். என்றால் இப்போது எல்லாருக்கும் யாஷ் படம்தான் ஞாபகம் வருகிறது (என்ன செய்ய!). எங்களுக்கு அது தங்கவயல். தாத்தாக்கள் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். கம்பெனி கட்டிய லைன் வீட்டில்தான் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மைன்ஸ் மூடினார்கள். வேலை போனது. வீடு யாருடையது என்ற கேள்வி மட்டும் நின்றது. நாலு தலைமுறை ஒரே லைனில் வாழ்ந்திருப்பார்கள். ஆனால் நிலம் கம்பெனியுடையது, கையில் பத்திரம் கிடையாது.

இப்போது அந்த லைனில் ஒரு பையனைச் சின்ன அடிதடியிலோ திருட்டுச் சந்தேகத்திலோ பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்கிறார். சில நாளில் ஜாமீனும் கொடுக்கிறார். வீட்டில் சந்தோஷம். அப்புறம்தான் தெரியும், ஷூரிட்டி வேண்டும் என்று. ஷூரிட்டிக்கு வருகிறவர் நிலமிருந்தால் பாணி காட்ட வேண்டும், வீடிருந்தால் காத்தா, வரி கட்டின ரசீது காட்ட வேண்டும். லைன் முழுக்கச் சொந்தக்காரர்கள், மாமன், சித்தப்பா, அப்பாவோடு ஷிப்ட் போனவர்கள். அத்தனை பேரும் வரத் தயார். ஒருத்தரிடமும் பாணி இல்லை! தமிழ்நாட்டில் அத்தைக்குக் காணி நிலம் இருந்தால், "வெளி மாநிலம், செல்லாது" என்ற பதில். ஆக, ஜாமீன் கிடைத்த பையன் உள்ளேயே இருக்கிறான்.

வெளியே என்ன நடக்கும்? தங்கவயலில் பாதிக் குடும்பம் பிழைப்பது பெங்களூரை நம்பி. விடியற்காலையில் ஊரிகம், சாம்பியன், கோரமண்டல் ஸ்டேஷன்களில் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செக்யூரிட்டி, ஹவுஸ் கீப்பிங், கம்பெனி கான்ட்ராக்ட் வேலை. பத்து நாள் வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஆள். வழக்கு ஜெயித்தாலும் வேலை திரும்ப வராது. காகிதமெல்லாம் கன்னடத்தில். வீட்டுப் பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் கோர்ட் வாசலில் காசுக்கு ஷூரிட்டி தருகிற ஆளைத் தேடி, தாலியை அடகு வைத்து வெளியே கொண்டுவருவார்கள். சட்டம் யாரை மோசடிக்காரனிடம் தள்ளுகிறது பாருங்கள்.

இத்தனைக்கும் சட்டம் இப்படிச் சொல்லவே இல்லை. 1978லேயே மோத்தி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மோத்தி ராம் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார்கள். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடிகனோ எங்கோ வடக்கே கைதானால் உள்ளூர்ச் சொத்துக்காரனுக்கு எங்கே போவான் என்று கேட்டார் கிருஷ்ணய்யர். தொகையை ஆயிரமாகக் குறைத்து, சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். மறு வருஷம் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் விளக்கினார். ஒருத்தன் ஓடிப்போவானா என்று தெரிய, எத்தனை வருஷமாக அந்த ஊரில் இருக்கிறான், குடும்பம் இருக்கிறதா, வேலை என்ன, அக்கம்பக்கத்தில் என்ன பேர் என்று பார்க்க வேண்டும், சொத்தை மட்டும் பார்க்கக்கூடாது என்றார். 1961ல் நியூயார்க் மன்ஹாட்டனில் இதே மாதிரி வேர்களைப் பார்த்துக் காசில்லாமல் விட்டுப் பார்த்தார்கள். மிகச் சிலரைத் தவிர எல்லாரும் ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் லைன் ஆட்களைவிட ஆழமாக வேர் பிடித்தவர்கள் யார்? வேர் இருக்கிறது, பத்திரம்தான் இல்லை.

"விட்டால் ஓடிடுவான் சார்" என்பார்கள். சிலர் ஓடத்தான் செய்வார்கள், மறுக்கவில்லை. சாட்சியை மிரட்டுகிறவனை, பெரிய குற்றத்தில் மாட்டினவனை உள்ளே வைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அதை எழுதி வைத்து ஜாமீனை மறுக்கட்டும். ஆனால் ஜாமீன் கொடுத்துவிட்டு, நிறைவேற்றவே முடியாத நிபந்தனை போட்டால் அதற்குப் பேர் ஜாமீனா? பணக்காரன் ஓடினால் விமானத்தில் ஓடுவான். அவனிடம் பத்திரம் கட்டுக்கட்டாக இருக்கிறது!

புதுச் சட்டங்களும் வந்திருக்கின்றன. ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால், கைதாகி ஒரு வாரத்தில் ஷூரிட்டி கொடுக்க முடியாதவனை ஏழை என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவன் வெளியே போகாவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்ட உதவி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாசம் ஆனால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்தலாம்; உள்ளூர் ஷூரிட்டி என்று அடம்பிடிக்க வேண்டாம். ஏழைக் கைதிகளின் பிணைக்கு 40,000 ரூபாய் வரை தரும் மத்திய அரசுத் திட்டமும் 2023ல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலான சட்டத்தில், முதல் தடவை மாட்டினவன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. நல்லதுதான். ஆனால் சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஒரு வருஷம்! ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. ஸ்டேஷனில் சின்னச் சின்ன வழக்காக இரண்டு மூன்று சேர்த்துப் போடுவது யார் மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குறைந்த நாள் சிறைதானே என்று நினைப்பவர்கள் சாத்தான்குளத்தை மறக்க வேண்டாம். 2020 ஜூன் 20ல் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23 காலையில் அப்பா இறந்தார்கள். அடி ஸ்டேஷனில் விழுந்தது. ஆனால் ரிமாண்ட் செய்யும்போதும், சிறைக்குள் எடுக்கும்போதும் ஒருவராவது உடம்பை ஒழுங்காகப் பார்த்திருந்தால்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கவயல் மாதிரி ஊர்களில் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையும் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறான் என்பதையும் ஷூரிட்டியாக ஏற்கட்டும். ஏழாம் நாள் அறிக்கை உண்மையிலேயே போகிறதா என்று மாவட்ட நீதிபதி மாசா மாசம் பார்க்கட்டும். உத்தரவை வீட்டாருக்குப் புரியும் மொழியில் ஒருவர் சொல்லட்டும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. 1987 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உதவி எண் 15100. அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் அதற்கு ஒரு போன் போடுங்கள். லைனில் நாலு பேருக்கும் சொல்லி வையுங்கள்.