மாரிமுத்துவின் வேகம்



தீபாவளிக்கு மறுநாள் ஈப்போவில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பசியாறிய கையோடு அண்ணி முறுக்கு டின்னை எடுக்கப் போனவர், அலமாரி மேல்தட்டிலிருந்து வேறொரு பெரிய சதுர டின்னை இறக்கிவிட்டார். திறந்தால் முறுக்கு இல்லை. மஞ்சள் நிறத்தில் நான்கு வீடியோ கேம் கேசட், வயர் அறுந்த கைப்பிடி ஒன்று, ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் துப்பாக்கி. கேம் பெட்டி மட்டும் இல்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடி வந்தபோது லோரியில் எங்கோ தவறிவிட்டது என்பது அண்ணனின் முப்பது ஆண்டு வாதம். தூக்கிப் போட்டது தான்தான் என்பது அண்ணியின் வாதம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வரிசையில் மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டி இருந்தது ஒரே வீட்டில். அது எங்கள் வீடு என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. மூன்று வாசல் தள்ளி, கிராணி வேலை பார்த்தவர் வீடு. பிறகு அவர் மகன் புதிது வாங்கியதும் பழையதை அண்ணன் விலை பேசி வாங்கினான். டிவியின் ஏரியல் வயரைப் பிடுங்கி இதன் வயரைச் செருக வேண்டும். பின்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தை நகத்தால் மெல்லத் திருப்பினால் பனிமழைக்குள்ளிருந்து படம் எழுந்து வரும். வந்ததும் யாரும் மூச்சுவிடக் கூடாது. கேசட் ஓடவில்லையென்றால் வாயால் ஊத வேண்டும். ஊதினால் எச்சில் ஈரம்தான் போய் ஒட்டும், செப்புப் பற்களுக்குக் கெடுதல் என்று பின்னாளில் படித்தேன். கழற்றித் திரும்பச் சொருகியதால்தான் ஓடியதாம். ஆனாலும் ஊதாமல் சொருகியவனை நாங்கள் ஆட்டத்தில் சேர்த்ததில்லை.

பாட்டி கதவோரம் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி பார்ப்பார். "யாருடா அந்த மீசைக்காரன்?" "மாரியோ, பாட்டி." "மாரியா? மாரிமுத்துன்னு முழுசாச் சொல்லேன்டா." அன்றிலிருந்து எங்கள் வரிசை முழுக்க அவன் மாரிமுத்து. பள்ளத்தில் விழுந்தால் பாட்டி உச்சுக்கொட்டுவார். "பாவம், மாரிமுத்து எதுக்குச் சும்மா சும்மா குதிக்கிறான், நடந்து போனா ஆகாதா?"

எங்கள் தோட்டத்தில் அப்போதும் ஜெனரேட்டர் மின்சாரம்தான். இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு அது நியாயமான நேரம். எங்களுக்கோ அநியாயம். சூப்பர் மாரியோவில் எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம். விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ள அதில் வழி கிடையாது. ஒன்பதே முக்காலுக்கு ஏழாம் உலகத்தில் நிற்கிறவன் கைநடுங்க ஓடுவான். பல்பு ஒருமுறை மங்கும். அது எச்சரிக்கை. அப்புறம் ஒரே இருட்டு. கடைசி அரக்கனை அண்ணன் வென்றதை இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறோம், அதில் ஒருவன் நான்.

சரி, இந்தத் தீபாவளிக்கு வருகிறேன். டின்னைப் பார்த்ததும் அண்ணன் மகன் மடிக்கணினியைத் திறந்தான். எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள். பழைய விளையாட்டுப் பெட்டி போலவே கணினியை நடிக்க வைப்பது. பத்து நிமிடத்தில் மாரிமுத்து திரையில் நிற்கிறான். அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு, லோரி ஓட்டுகிறான், இரண்டு வருடமாக முழங்கால் வலி. ஆனால் கட்டை விரலுக்கு ஒன்றும் மறக்கவில்லை. முதல் காளான் எங்கிருந்து வரும் என்று பார்க்காமலே போய் நின்றான். அரை நிமிடம்தான் ஆடியிருப்பான், நிறுத்திவிட்டான்.

"டேய் தம்பி, இது அது இல்லடா. பாட்டு ஓட்டமா ஓடுதுலா."

நான் சிரித்தேன். வயதாகிவிட்டது, எல்லாமே வேகமாகத்தான் தெரியும் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மேசையில் விரலால் தாளம் போட்டுக் காட்டினான். அந்தத் தாளத்தை நானும் அறிவேன். அவன் சொன்னதுதான் சரி.

வீட்டுக்கு வந்தும் இது மண்டையைக் குடைந்தது. தேடிப் பார்த்ததில் விஷயம் எளிமையானது. ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலையில் ஃபாமிகாம் பெட்டியை வெளியிட்டது. அந்த நாட்டின் அன்றைய டிவி நொடிக்கு அறுபது முறை திரையை வரையும். சூப்பர் மாரியோ 1985இல் அந்தக் கணக்கை நம்பி எழுதப்பட்டது: திரை ஒருமுறை வரையப்பட்டால் மாரியோ ஓரடி, பாட்டு ஓரடி. மலேசியாவின் அன்றைய டிவி ஐம்பது முறை வரைவது. நம் சந்தைக்கு வந்த மைக்ரோ ஜீனியஸ், தைவானின் டிஎக்ஸ்சி நிறுவனம் ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல். ஐம்பதுக்கு ஏற்ப அதன் சில்லுகளை மாற்றியிருந்தார்கள். ஆக ஜப்பான் பையன் ஆறடி ஓடிய நேரத்தில் நம் மாரிமுத்து ஐந்தடிதான் ஓடினான். சுருதியில் பெரிய மாற்றமில்லை, தாளம்தான் விளம்பம். எமுலேட்டர் தானாக ஜப்பான், அமெரிக்கக் கணக்கை எடுத்துக்கொள்கிறது. அண்ணனுக்கு அது ஓட்டமாக இருந்ததில் வியப்பில்லை.

இதற்கு மருந்தும் எமுலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. மெசன், எஃப்சிஇயுஎக்ஸ் போன்றவற்றில் எந்த வட்டாரத்துப் பெட்டி என்று கேட்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றோடு மூன்றாவதாக 'டெண்டி' என்று ஒரு பெயர். டெண்டி என்பது 1992 இறுதியில் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த பெட்டி. செய்து கொடுத்தது அதே தைவான் நிறுவனம். நம் மைக்ரோ ஜீனியஸின் உடன்பிறப்பு. எந்த ஊரிலோ தன் சிறுவயதுப் பாட்டின் வேகம் சரியில்லை என்று ஒரு ரஷ்யன் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான் போல. அவன் உழைப்பு சுங்கை சிப்புட்காரனுக்கும் உதவுகிறது. மறுவாரம் ஈப்போ போனபோது அந்த ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு மடிக்கணினியை அண்ணன் பக்கம் திருப்பினேன். அவன் ஆடவேயில்லை. தொடக்கத் திரையில் மாரிமுத்துவை நிற்க வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

எமுலேட்டர் வேலை செய்யும் விதத்தைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லலாம். பெரட்டுக்களம் மாதிரிதான். பழைய பெட்டியில் கணக்குப் போடும் சில்லு ஒன்று, படம் வரையும் சில்லு ஒன்று. கணக்குச் சில்லு ஓரடி வைத்தால் படச் சில்லு மூன்றடி வைக்க வேண்டும். எமுலேட்டர் மண்டோர் போல நின்று இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருவர் முந்தாமல் பிந்தாமல் நடத்துகிறது. கணக்குச் சில்லுக்கு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு. இன்றைய கணினிக்கு அது கொட்டாவி விடுகிற வேலை. சூப்பர் மாரியோ முழு விளையாட்டும் 40 கிலோபைட்தான். காலையில் உங்கள் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கம் அதைவிடக் கனமாக இருக்கும். இவ்வளவு சின்ன இடத்தில் எட்டு உலகத்தை அடைத்தவர்கள் சிக்கனத்தில் நம் அம்மாக்களுக்கு ஈடானவர்கள். வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. முப்பது வருடம் அது என் கண்ணில் படவில்லை. பார்த்துவிட்ட பிறகு கண்ணை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது.

இன்றைய பிள்ளைகள் பயன்படுத்தும் இன்னொரு வசதி, ஆடிக்கொண்டிருக்கும்போதே நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிப்பது. பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட், படத்துக்கு இன்னொரு 2, கூடச் சில்லறை எண்கள். அந்தக் கணத்தில் அவை எப்படி இருந்தனவோ அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் நாளைக்கோ அடுத்த வருடமோ அதே குதிப்பின் நடுவிலிருந்து தொடரலாம். பாதி உயரத்தில் தொங்கும் மாரிமுத்து பாதி உயரத்திலேயே காத்திருப்பான். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "இது அப்போ இருந்திருந்தா ஜெனரேட்டர்காரர எத்தன தடவ திட்டியிருக்க மாட்டேன்" என்றான்.

துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாத்து சுடும் ஆட்டத்தை இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கியால் ஆட முடியாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் அந்தந்தக் கணத்திலேயே பார்த்தால்தான் வாத்து விழும். இந்த நேரக் கணக்கு பழைய குழாய் டிவிக்காகப் போட்டது. தட்டை டிவி படத்தைத் தாமதித்துத் தருகிறது. பல்பைப் பார்த்துச் சுட்டால் வாத்து தானே விழும் என்று தோட்டத்தில் ஒரு வதந்தி இருந்தது. அந்தக் கறுப்புக் கணத்துக்காகத்தான் அது ஒருநாளும் பலிக்கவில்லை. எமுலேட்டரில் சுட்டியை நகர்த்திச் சுடலாம். சுட்டேன். பத்துக்குப் பத்து. துளிகூட மகிழ்ச்சி இல்லை.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று ஒரு வாசகர் கட்டாயம் கேட்பார், நானே முந்திக்கொள்கிறேன். 1999இல் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. அடுத்த வருடம் சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2018இல் அதே சோனி விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சின்னப் பெட்டிக்குள் ஓடியது ஆர்வலர்கள் எழுதி இலவசமாகப் பகிர்ந்த ஓர் எமுலேட்டர். போலச் செய்யும் மென்பொருள் ஒன்று, விளையாட்டு இன்னொன்று. விளையாட்டுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. அண்ணன் மகன் விளையாட்டை எங்கிருந்து இறக்கினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மாரியோவை நின்டெண்டோ இன்றும் தன் புதிய பெட்டியில் சந்தா வாங்கிக்கொண்டு தருகிறது. ஆனால் அந்த மஞ்சள் கேசட்டில் இருந்த பாதி ஆட்டம் இன்று எந்தக் கடையிலும் இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆராய்ந்து சொன்னது. அங்கேயே அப்படியென்றால், திருட்டு அச்சில் தோட்டத்துக்கு வந்த நம் கேசட்டுக்கு யார் பட்டியல் வைத்திருப்பார்கள்? '64 இன் 1' என்று மேலே போட்டிருக்கும். எண்ணினால் பன்னிரண்டு ஆட்டம்தான் தேறும், மிச்சம் அதே ஆட்டங்கள் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். அந்தப் பொய்க் கணக்கும் நம் சரித்திரம்தான் என்பது என் கட்சி.

நம் இதழ் அலுவலகத்திலும் ஓர் எமுலேட்டர் ஓடுகிறது, சொன்னால் நம்புவீர்களா? தொண்ணூறுகளில் அச்சுக்கோத்த இதழ்களெல்லாம் யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. இன்றைய கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். கணினிக்குள் ஒரு பழைய விண்டோஸை எழுப்பி, அதற்குள் பழைய மென்பொருளை எழுப்பினால்தான் தமிழாகத் தெரியும். மாரிமுத்துவுக்குச் செய்த அதே வேலை.

பழையவை எல்லாவற்றையும் இப்படி எழுப்ப முடிவதில்லை. கோலகங்சாரில் 1877இல் நட்ட கித்தாக் கன்றுகளில் எஞ்சிய ஒரு மரத்துக்கு வேலியும் பலகையும் உண்டு. ஆனால் எங்கள் தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிபட்டது, இப்போது கோயில் மட்டும் இருக்கிறது. ஆடியில் ஒருநாள் எல்லோரும் போய்ப் பொங்கல் வைத்துத் திரும்புகிறோம். மூன்று வாசல் தள்ளி இருந்த அந்த வீடு எந்த இடத்தில் இருந்தது என்று சென்ற முறை அண்ணனும் நானும் அடி எண்ணிப் பார்த்தோம். ஒத்துவரவில்லை. பாட்டு மட்டும் இன்று சரியான வேகத்தில் ஓடுகிறது.

இனி உங்கள் முறை. பேராக்கில் எந்தத் தோட்டம், எந்தக் கம்பம் என்றாலும் சரி, உங்கள் வரிசைக்கு முதல் பெட்டி எப்போது வந்தது, கேசட்டை எங்கே என்ன விலைக்கு வாங்கினீர்கள், உங்கள் வீட்டில் மாரியோவுக்கு என்ன பெயர் என்று எழுதி அனுப்புங்கள். கேசட்டை அனுப்ப வேண்டாம், மேலட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். ஒருவேளை உங்களிடம் அந்தப் பெட்டியே பத்திரமாக இருந்தால் என் அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள். எழுதும்போது தோட்டத்தின் பெயரையும், உங்கள் ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்