காளான் வெள்ளையா இருந்தாத்தான் வாங்குவீங்களா?

போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து பொண்ணு போன் பண்ணினா. "அப்பா, நீங்க குடுத்துவிட்ட காளான் லேசா மஞ்சளா இருக்கு, கெட்டுப் போச்சா?"ன்னு கேக்கறா. தினமும் விடியக்காலையில குடில்ல காளான் அறுத்துக் குடுத்துட்டு காலேஜுக்கு பஸ் ஏறின பொண்ணு அவ. ரெண்டு வருசம் டவுன்ல இருந்ததுக்கே இப்படின்னா, உங்களைச் சொல்லி என்னங்க பண்ண?

நாங்க வளக்கறது பால் காளான். நீங்க டப்பாவுல வாங்கற பட்டன் காளானுக்கு குளிர் வேணும். ஊட்டி மாதிரி ஊரு, இல்லைன்னா ஏசி ரூம். பால் காளான் நம்ம வெயிலுக்குன்னே பொறந்தது, 30-35 டிகிரியில ஜம்முன்னு வரும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1998-ல வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே.2 ரகம்தான் எங்க குடில்ல இருக்கு. வைக்கோலை வேகவெச்சு, விதை தூவி, பை கட்டி, மேல்மண் போட்டு, முதல் அறுப்புக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அத்தனை நாளும் ஈரம் காயாம தண்ணி தெளிக்கறது என் சம்சாரம்.

அப்படி வளத்ததை டவுன்ல ஒரு கடைக்குப் போட்டுட்டு இருந்தோம். ஒரு நாள் பத்து பாக்கெட் திரும்பி வந்துது. காரணம், வெளுப்பு பத்தலையாம். "மருந்துத் தண்ணியில முக்கிக் குடுங்கண்ணா, எல்லாரும் அதானே பண்றாங்க"ன்னு சொன்னாங்க. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டுன்னு ஒரு பொடி, அதைக் கரைச்சு முக்கினா காளான் பளிச்சுன்னு ஆயிரும். இந்தத் தொழில்ல நடக்கறதுதான். எனக்கு மனசு ஒப்பலை. அந்த ஆர்டர் போச்சு.

கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்க வெள்ளையைத்தான் எடுக்கறீங்க, அவரு வெள்ளையைக் கேக்கறாரு. காளானைக் கண்ணால பாக்காம கையால பாருங்க. அமுக்கினா கெட்டியா இருக்கணும். பிசுபிசுன்னு இருந்தாலோ, புளிச்ச வாடை அடிச்சாலோ வேண்டாம். கை பட்ட இடத்துல லேசா இளமஞ்சள் தட்டறதெல்லாம் கெட்டதுக்கு அடையாளம் இல்லீங்க.

சமையல்லயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. காம்பைக் கிள்ளிக் குப்பையில போடறீங்க. பால் காளான்ல எடையே காம்புலதான், அதுக்குந்தான் காசு குடுக்கறீங்க. அடியில மண்ணு ஒட்டின துண்டை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை வட்ட வட்டமா நறுக்குங்க. தண்ணியில ஊறப்போடாதீங்க, குடிச்சு வெச்சுக்கும். ஒரு அலசு, உடனே துணியில ஒத்தி எடுத்துருங்க.

அப்புறம் அந்த மசாலா! சோம்பு, பட்டை, இஞ்சி பூண்டு விழுது, போதாததுக்கு ரெடிமேட் பொடி. அதுல காளானுக்குப் பதிலா உருளைக்கிழங்கு போட்டாலும் அதே ருசிதான். சின்ன வயசுல மழைக்கு அப்புறம் எங்க ஆத்தா புத்துக்காளான் பொறுக்கிட்டு வந்து சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை மட்டுந்தான் போடும். (ஆத்தாவுக்கு எது நல்லது, எது விஷம்னு தெரியும். நீங்க பார்க்குல மொளச்சதைப் பறிச்சுட்டு வந்து, வெங்காயம் கறுக்குதான்னு பாத்து சாப்பிட்டுராதீங்க, அந்தச் சோதனையை நம்பவே கூடாது.)

எங்க வீட்டுல இன்னைக்கும் அதே பக்குவந்தான். காஞ்ச வாணல்ல எண்ணெய் ஊத்தாம காளானைப் போட்டா தானா தண்ணி விடும். அது சுண்டற வரைக்கும் பொறுங்க. அப்புறம் நல்லெண்ணெய், வெங்காயம், கறிவேப்பிலை. உப்பும் இடிச்ச மிளகும் கடைசியில. எல்லாம் சேந்து கால் மணி நேரம்.

பொண்ணுகிட்டயும் இதைத்தான் சொன்னேன். ராத்திரியே செஞ்சு மாப்பிள்ளைக்குப் போட்டிருக்கா. மறுநாள் போன்ல, "அடுத்த தடவை ஒரு கிலோவா குடுத்துவிடுங்கப்பா, பிளாஸ்டிக் பைல வேண்டாம், பேப்பர்ல சுத்திக் குடுங்க, வேர்த்துப் போகுது"ன்னா. அது நாஞ்சொல்ல மறந்த விசயம்.