கொழிஞ்சாம்பாறையில் பருவமே இல்லையாம்!

“வெப்பமண்டலத்தில் பகலின் நீளம் மாறுவதில்லை, ஆகவே இருமுனைக் கோளாற்றைப் பருவத்தோடு சேர்த்துப் பேசுவது மேலை நாட்டு இறக்குமதி.” இந்த வாதத்தைக் கருத்தரங்குகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் அடிக்கடி கேட்க நேர்கிறது. காலனிய எதிர்ப்புக் குரலில் சொல்லப்படுவதால் கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. அளந்து பாராத சோம்பலுக்கு இப்படியொரு கௌரவப் பெயர் கிடைத்திருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

பகல்நீளக் கணக்கு சரிதான். கொழிஞ்சாம்பாறை வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 10.7 பாகையில் இருக்கிறது. ஆனியின் நெடும்பகலுக்கும் மார்கழியின் குறும்பகலுக்கும் இங்கே வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. சண்டிகரில் அது சுமார் 4 மணி. ஸ்டாக்ஹோமில் சுமார் 12½ மணி. ஆனால் பகலின் நீளம் வேறு, தரையில் விழும் ஒளியின் அளவு வேறு. சித்திரை பிறந்த ஐந்தாறு நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. வானத்தில் மறைக்க மேகம் அதிகமில்லை. ஆவணியில் மறுபடியும் நேர் உச்சிக்கு வரும்போது இடையில் பருவமழை மேகம் நிற்கிறது. ஒரே சூரியன், ஒரே உயரம். கிடைக்கும் ஒளியோ வேறு. 2016 ஏப்ரலில் மலம்புழையில் 41.9 பாகை செல்சியஸ் பதிவானது நினைவிருக்கலாம். இதற்குப் பிறகும் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் நின்றுகொண்டு “பருவம் இல்லை” என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

ஆய்வுலகம் இந்த வேறுபாட்டை அறியாததன்று. மைக்கேல் பவர் தலைமையிலான பன்னாட்டுக் குழு பகல்நீளத்தை விட்டுவிட்டு, சூரிய ஒளிவீழ்வு மாதத்துக்கு மாதம் எவ்வளவு கூடுகிறது என்பதை எடுத்துக்கொண்டது. அந்த ஏற்றம் மிகுந்த இடங்களில் முதல்வகை இருமுனைக் கோளாறு இளவயதிலேயே தொடங்குகிறது என்று 2017இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. இது தொடர்பே தவிரக் காரணம் அன்று. அதை அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி குளிர்காலத்தைப் பற்றியது அன்று என்பதையாவது நம் அவைகள் கவனித்திருக்கலாம்.

மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம். “மேனியா வசந்தத்திலும் கோடையிலும், மனச்சோர்வு குளிர்காலத் தொடக்கத்தில்” என்று மித வெப்ப நாடுகளின் தரவிலிருந்து எழுந்த முடிவை அப்படியே பவர்பாயிண்டில் ஒட்டிக் கொண்டுவருவோர். நார்மன் ரோசந்தால் 1984இல் பருவகால மனநிலைக் கோளாற்றை விவரித்தபோது ஆராய்ந்தது 29 பேரை. அவர்களுள் பெரும்பாலோர் இருமுனைக் கோளாறு உடையோர். அந்தக் கட்டுரையைக் “குளிர்கால வாட்டம்” என்று சுருக்கி, இருமுனைக் கோளாற்றைக் கழற்றிவிட்டுப் பாடம் நடத்துகிறோம். மறுப்போரும் ஒட்டுவோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: இருவருக்கும் கொழிஞ்சாம்பாறையின் வானம் தேவைப்படவில்லை.

அந்த வானம் கேரளத்தின் சராசரி வானமும் அன்று. மேற்கே கர்க்கடகம் என்றால் அடைமழை, இருள், பஞ்ஞமாசம். அதே நாள்களை நாம் ஆடி என்கிறோம். கணவாய்க் காற்று பனைகளை ஆட்டும், மழை அங்குள்ள அளவுக்கு வராது. இனி, நோயாளி எங்கே பதிவாகிறார் என்று பாருங்கள். கேரள அரசின் மனநல மையங்கள் மூன்று: திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு. பாலக்காட்டில் ஒன்றுமில்லை. கிழக்கு எல்லையிலிருந்து திருச்சூரில் சேர்க்கப்படுபவரின் சேர்க்கைத் தேதி திருச்சூர் மழையோடு ஒப்பிடப்படும். கோயம்புத்தூருக்குப் போனவரோ கேரளக் கணக்கிலிருந்தே காணாமற்போவார். இப்படித் திரட்டிய தரவில் பருவத் தொடர்பு தென்படவில்லை என்றால் வியப்பென்ன?

“பங்குனி பிறந்ததும் தூக்கம் போயிடுதுங்க” என்று ஒரு தாய் சொன்னால் அது ஒரு தரவு. விழித்திரையில் பார்வைக்காக அன்றி நேரம் காட்டுவதற்காகவே ஒளியை உணரும் செல்கள் உண்டென்பது 2002இல் உறுதியானது. உடற்கடிகாரமும் மெலடோனின் சுரப்பும் உறக்கமும் அவற்றைச் சார்ந்தவை. நார்வேயில் 2016இல் வெளியான ஆய்வில், மாலை 6 முதல் காலை 8 வரை நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி அணிவித்தபோது மேனியா விரைந்து தணிந்தது. ஆனால் பங்குனி என்றால் வெயில் மட்டுமா? நென்மாறை வல்லங்கி வேலா பங்குனியில்தான். பல்கலைக்கழகத் தேர்வுகளும் அதையொட்டித்தான். உறக்கத்தைக் கெடுத்தது ஒளியா, வேட்டா, பாடமா? பிரித்தறிய விடாத இந்தச் சிக்கலே ஆய்வுப் பொருள்; அதை விட்டு ஓடுவதற்குச் சாக்கு அன்று.

ஒரு இடைக்குறிப்பு. பொழுதையும் மனநிலையையும் இணைத்த தொல்காப்பியரே இத்துறையின் முன்னோடி என்று பின்னூட்டமிட வருவோர் அருள்கூர்ந்து பொறுக்க. இலக்கணம் இலக்கணமாகவே பெருமையுடையது. “அமாவாசைக்குக் கூடும்” என்னும் வீட்டார் பேச்சை நகைக்கும் மருத்துவ மாணவர்களும் பொறுக்க: விரைவுச் சுழற்சியுடைய 17 இருமுனை நோயாளிகளின் மனநிலை நிலவின் சுழற்சியோடு ஒத்தியங்கியதாக தாமஸ் வேர் 2018இல் எழுதினார். 17 பேர் சான்றுக்குப் போதார். வீட்டார் சொல்வதை எழுதிவைக்கப் போதும்.

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் லித்தியம். அதன் பயன்தரும் அளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு: லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. வியர்வையில் நீரும் உப்பும் இழந்த உடலில் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெயிலில் களையெடுத்துவிட்டு, உடல்வலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கினால் அளவு இன்னும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் “வெயில் அடிச்சிருச்சு” என்ற பேச்சுக்குள் மறைந்துவிடும். “இங்கே பருவமில்லை” என்று அரங்கில் சொல்பவர் இந்த மனிதரைப் பற்றியும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

ஆகவே, ஆய்வேட்டுத் தலைப்புத் தேடும் நண்பர்களே: சேர்க்கைத் தேதியோடு நோயாளியின் ஊரை வாங்குங்கள், தமிழ் மாதத்தையும் அவர் வாய்ச்சொல்லிலேயே குறியுங்கள், மாவட்ட மனநலத் திட்ட முகாம்களில் லித்தியம் உட்கொள்வோருக்கு மாசி முடியுமுன் இரத்த அளவு பார்க்கப்படுகிறதா, மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாதென்பதும் எந்த வலிமாத்திரை கூடாதென்பதும் தமிழில் சொல்லப்படுகின்றனவா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். நானும் அதையே செய்துகொண்டிருக்கிறேன்.