மாத்திரை இலவசம்... ஒருநாள் கூலி யார் தருவது? எச்.ஐ.வி. சிகிச்சையை பாதியில் விடுவது ஏன்?

மீஞ்சூர்:-

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசம். 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி இந்த திட்டம் தொடங்கியபோது முதலில் மருந்து கொடுத்த ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இப்போது வடசென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மையம் இருக்கிறது. அப்படியும் சிலர் நாலு மாதம் ஒழுங்காக வந்துவிட்டு அப்புறம் வருவதே இல்லை.

அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் பிழைப்பவர்களின் நிலைமையைப் பார்த்தால் கதை வேறு.

லீவு போட்டால் கூலி போச்சு

காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, அனல் மின்நிலையம் என்று இங்கே கான்டிராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். வேலைக்கு வந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. காலையில் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரெயிலைப் பிடித்து, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வீடு திரும்பினால் அன்றைய பொழுது போச்சு. மேஸ்திரியிடம் என்ன சொல்வது? முதல் மாதம் காய்ச்சல். அடுத்த மாதம் பெரியப்பா சாவு. எத்தனை சொந்தக்காரர்களைத்தான் சாகடிப்பது?

கன்டெய்னர் லாரி டிரைவருக்கு இன்னும் சிக்கல். மாத்திரை வாங்க வேண்டிய தேதியில் அவர் ஆந்திராவில் எங்கேயோ ஸ்டியரிங் பிடித்துக் கொண்டிருப்பார்.

அப்போ பக்கத்திலேயே வாங்கலாமே என்பீர்கள். அங்கேதான் முடிச்சு. பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் வரிசையில் எதிர்வீட்டு அக்கா நிற்கும். எந்த அறைக்குள் போகிறோம் என்பதை வைத்தே ஊர் பேசிவிடும். வாடகை வீட்டுக்காரர் காதுக்குப் போனால் தட்டுமுட்டு சாமான் தெருவில். அதற்குப் பயந்தே தூரத்து மையத்துக்கு ஓடுகிறார்கள். தூரம் கூலியைத் தின்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர் கடைசியில் எங்கேயும் போவதில்லை.

'நல்லாத்தானே இருக்கேன்'

இது இன்னொரு வகை. பெரும்பாலானவர்களுக்கு இப்போது தினம் ஒரு மாத்திரைதான். சாப்பிட சாப்பிட உடம்பு தேறி, எடை ஏறும். உடனே, 'இனி எதுக்கு மாத்திரை?' ஆனால் கிருமி ஒழியவில்லை, அடங்கித்தான் இருக்கிறது. நிறுத்திய சில வாரங்களிலேயே தலைதூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உடலுறவு மூலம் கணவன், மனைவிக்குத் தொற்றாது. மாத்திரையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

விட்டவர்கள் திரும்பி வராததற்கு ஒரு சின்ன காரணமும் உண்டு. திட்டுவார்களே என்ற பயம். எத்தனை மாதம் கழித்துப் போனாலும் மருந்து உண்டு. உடம்பு சீராக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரையை மொத்தமாகத் தரவும் வழி இருக்கிறது. வேலைக்காக ஊர் மாறினால் அங்குள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் கேட்டால்தான் கிடைக்கும், கேட்கத்தான் கூச்சம்.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக்கூடாது, வீடு தர மறுக்கக்கூடாது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் விஷயத்தை வெளியே சொல்லவும் கூடாது. எந்த மேஸ்திரிக்கு, எந்த வீட்டுக்காரருக்கு இது தெரியும்?

சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.