அரை பிளேடும் ஆற அமரச் சவரமும்

சலூனில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஒரு பிளேடைக் காகிதத்தோடு நீளவாக்கில் மடக்கிச் சட்டென்று இரண்டாக உடைப்பார். ஒரு பாதியைக் கத்தியில் செருகி மூடுவார். மறுபாதி அடுத்தவருக்கு. அந்தக் கத்தியை வாங்கி வீட்டில் நாமே சவரம் செய்துகொள்ளலாமா என்று நடைப்பயிற்சி நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் எல்லோரும் அல்ல. இது சில வருடங்களாக அதைப் பிடித்துவரும் என் அபிப்பிராயம்.

நம் சிறு வயதில் இருந்தது வேறு கத்தி. கல்லில் தீட்டி, தோல்வாரில் இப்படியும் அப்படியும் இழுத்துப் பதம் பார்ப்பார்கள். ஒரே கத்தி தெரு முழுக்கச் சவரம் செய்யும். யாரும் முகம் சுளித்ததில்லை. 1986இல் இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. பின்னால் பரவிய பயத்தில்தான் "புது பிளேடு போடுங்க" என்று சொல்லப் பலரும் பழகினோம். ஆனால் ரத்தம் பட்ட கத்தி வழியே அதைவிடச் சுலபமாகப் பரவக்கூடியது ஹெபடைட்டிஸ் பி. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். எனவே சலூனுக்குப் போனால் பிளேடு உங்கள் கண்ணெதிரே உடைபட வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் கில்லட் என்பவர் 1903இல் தன் ரேசரையும் பிளேடையும் விற்க ஆரம்பித்ததே, தீட்டுகிற கத்தியே வேண்டாம் என்பதற்காகத்தான். அந்தப் பிளேடு நம் ஊரில் கத்திக்குள்ளேயே குடியேறிவிட்டது!

இனி, யாருக்கு இது வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கை நடுக்கம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். இதய சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்ணாடியில் தன் முகமே மங்கலாகத் தெரிகிறவர்கள் ஆகியோருக்கும் இது ஆகாது. இதில் வீம்பு கூடாது. அவர்களுக்குச் சாதாரண ரேசரோ மின்சார ரேசரோ போதும்.

மற்றவர்கள் அவசரமில்லாத ஒரு நாளில் ஆரம்பியுங்கள். குளித்து முடித்த கையோடு செய்தால் முடி மெதுவாக இருக்கும். சோப்பைப் பிரஷ்ஷால் நன்றாக நுரைத்துத் தடவுங்கள். முதல் வாரம் கன்னம் மட்டும், கிருதாவிலிருந்து கீழ்நோக்கி. மோவாயையும் கழுத்தையும் பழைய ரேசருக்கே விட்டுவிடுங்கள். மேலுதடு கடைசிப் பாடம். ஒரு மாதத்தில் முழு முகமும் வசப்பட்டால் போதும்.

கத்தியைத் தோலோடு படுக்க வைத்து, பிறகு கொஞ்சமே கொஞ்சம் தூக்குங்கள். சுமார் 30 டிகிரி. மறு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் வயதில் கன்னம் தொங்கிவிட்டது, இழுக்காவிட்டால் கத்தி அந்தச் சுருக்கத்தில்தான் மாட்டும். முடி வளரும் போக்கிலேயே சின்னச் சின்ன இழுப்பாகப் போங்கள். கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது. வெட்டு விழுவது அப்படித்தான். பிளேடின் இரு முனைகள் மீதும் ஒரு கண் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அழுத்தாதீர்கள். ரேசரை அழுத்தியே பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். கத்தி தன் கனத்திலேயே இறங்க வேண்டும். முடி வரவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். அழுத்தம் போதவில்லை என்று பொருளல்ல. இரண்டு மூன்று சவரத்துக்கு ஒருமுறை புதுப் பாதியைப் போடுங்கள். முடித்தபின் குளிர்ந்த நீரில் கழுவி, ஈர முகத்தில் படிகாரத்தைத் தேய்த்தால் சின்னக் கீறல் உடனே நிற்கும்.

பழைய பிளேடைக் குப்பையில் வீசாதீர்கள். நாம் வீசியது துப்புரவுப் பணியாளரின் விரலைத்தான் கிழிக்கும். ஒரு தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதில் சேருங்கள். நிறைந்ததும் டேப் ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

இத்தனை பாடு எதற்கு, செலவு மிச்சமா என்று கேட்பீர்கள். பிளேடு மலிவுதான், மிச்சமும் ஆகும். ஆனால் மாத்திரைக்குச் செலவழிப்பதை நினைத்தால் அது ஒரு கணக்கே இல்லை. ஆபீஸ் நாட்களில் ஒரு கண் கடிகாரத்திலும் ஒரு கண் கண்ணாடியிலுமாக முகத்தைச் சுரண்டிக்கொண்டு ஓடினோம். இப்போது கால் மணி நேரம் நம்முடையது. அந்தக் கால் மணி நேரமும் மனம் வேறெங்கும் போக முடியாது. போனால் கன்னம் சொல்லிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. வேலை தெரியாதவனை "நீ சிரைக்கத்தான் லாயக்கு" என்று திட்டுவது நம் தலைமுறையின் வழக்கம். அதிகாரிகள் வாயிலும் அது வந்து கேட்டிருக்கிறேன், வாத்தியார்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். நம் முகம், நம் கை, நம் கண்ணாடி, அசையாத நாற்காலி எல்லாம் இருந்தும் ஒரு கன்னத்தை வழிக்க நமக்கு ஒரு வாரம் ஆகிறது. அவரோ நாள் முழுக்க நின்றுகொண்டு, பேசிக்கொண்டும் தும்மிக்கொண்டும் இருக்கிறவர்களின் தொண்டைக் குழியில் அதே கத்தியை ஓட்டுகிறார், ஒரு கீறல் இல்லாமல். ஒரு மாதம் இந்தக் கத்தியைப் பிடித்தவர் வாயில் அந்த வசவு மறுபடி வராது என்று நம்புகிறேன்.

முடிவெட்டிக்கொள்ள எப்படியும் சலூனுக்குப் போகத்தானே வேண்டும்? போகும்போது அவரிடமே ஒருமுறை கத்தியைப் பிடிக்கும் விதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்.