எல்லை வரைந்த கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வர்ஜீனியா மாநிலத்தில், 1619-ஆம் ஆண்டு ஜேம்ஸ்டவுனில் கூடிய சபையின் வாரிசு என்று பெருமை கொண்டாடும் பிரதிநிதிகள் சபை ரிபப்ளிகன் கட்சியின் வசமே நீடிக்குமா என்ற கேள்வி, 2018 ஜனவரி 4-ஆம் தேதியன்று, ரிச்மண்ட் நகரில், நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்த ஒரு கிண்ணத்துக்குள் இட்ட, புகைப்படச் சுருள் வைக்கும் இரண்டு சிறு டப்பிகளில் எது அதிகாரியின் கையில் முதலில் அகப்படும் என்பதைப் பொறுத்து நின்றது.

முந்தின ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலுக்கு முன்பு, நூறு ஸ்தானங்கள் கொண்ட அச்சபையில் 66 ஸ்தானங்கள் ரிபப்ளிகன் கட்சியிடம் இருந்தன. வாக்குகள் எண்ணி முடிந்தபோது டெமாக்ரட்டிக் கட்சி 49 இடங்களைப் பிடித்துவிட்டது; நியூபோர்ட் நியூஸ் நகரத்து 94-ஆம் தொகுதி ஒன்றுதான் மிச்சம். அங்கே முதல் எண்ணிக்கையில் பத்து வாக்குகள் முந்தியிருந்த ரிபப்ளிகன் உறுப்பினர் டேவிட் யான்சி, மறு எண்ணிக்கையில் ஷெல்லி சைமண்ட்ஸ் என்ற டெமாக்ரட்டிக் வேட்பாளரிடம் ஒரே வாக்கில் பின்தங்கினார். மறுநாள் மூன்று நீதிபதிகள் ஒரு வாக்குச் சீட்டைக் கையில் எடுத்துப் பரிசீலித்தார்கள். அதில் வாக்காளர் இரு வேட்பாளர்களின் பெயருக்கு நேராகவும் வட்டத்தை நிரப்பிவிட்டு, சைமண்ட்ஸுக்கு உரிய வட்டத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு கிழித்திருந்தார். அந்தக் கோட்டை நிராகரிப்பின் அடையாளமாகக் கொண்டு, வாக்கு யான்சிக்கே உரியது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இருவருக்கும் 11,608 என்று கணக்கு சமமாயிற்று. திருவுளச்சீட்டில் யான்சியின் பெயர் வந்தது. சபை 51-க்கு 49 என்ற கணக்கில் ரிபப்ளிகன் கட்சியிடமே தங்கிற்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் வாயிலாகக் குடவோலை முறையை அறிந்த நமக்கு, சீட்டெடுத்துப் பிரதிநிதியைத் தீர்மானிப்பது விபரீதமாகத் தோன்ற வேண்டியதில்லை. சம வாக்குப் பெற்ற இருவருக்கிடையே நம் தேர்தல் சட்டமும் அதையே விதிக்கிறது. என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. அதே நாளில் நடந்த கவர்னர் தேர்தலில் டெமாக்ரட்டிக் வேட்பாளர் ரால்ஃப் நார்தம் ஏறக்குறைய ஒன்பது சதவிகித வித்தியாசத்தில் வென்றிருக்க, அத்தனை தெளிவாகத் தம் அபிப்பிராயத்தைச் சொன்ன ஜனங்களின் சபை ஏன் ஒரு டப்பியை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது?

விடை 2011-இல் வரைந்த தொகுதி எல்லைகளில் இருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த ரிபப்ளிகன் கட்சியினர் தம் சபைக்கான எல்லைகளைத் தாமே வகுத்தபோது, பன்னிரண்டு தொகுதிகளில் வாக்களிக்கும் வயதுடையோருள் குறைந்தது 55 சதவிகிதத்தினர் கறுப்பின மக்களாக இருக்கும்படி திட்டமிட்டுச் சேர்த்தனர். அவர்களுடைய வாக்குகளைச் சில தொகுதிகளில் திணித்து நெருக்கியதால், பக்கத்துத் தொகுதிகளில் அவற்றின் பலம் கரைந்தது. 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் இவற்றுள் பதினொரு தொகுதிகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று கண்டது. ஆனால் குற்றத்தை ஒரு கட்சியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அதே 2011-இல் மாநிலத்தின் மேலவையான செனட் டெமாக்ரட்டிக் கட்சியின் வசம் இருந்தது, செனட்டின் எல்லைகளை அவர்களும் தமக்கு அனுகூலமாகவே வகுத்துக்கொண்டார்கள்.

சபை கைமாறாத அந்த 2018-ஆம் வருஷத்தில்கூட ஜனங்களின் வாக்கு வீண்போகவில்லை என்பதே இவ்விஷயத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விஸ்தரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஆண்டுக் கணக்கில் மறுத்து வந்த அந்தச் சபையே, மயிரிழையில் பதவி தப்பிய சில மாதங்களுக்குள், ரிபப்ளிகன் உறுப்பினர்கள் சிலரும் சேர்ந்து வாக்களிக்க, அதற்கு இசைந்தது. சுமார் நான்கு லட்சம் பேர் அதற்குத் தகுதி பெற்றார்கள். அந்த ரிபப்ளிகன் உறுப்பினர்களின் மனத்தை இளக்கியவற்றுள் அடுத்த தேர்தலைப் பற்றிய அச்சம் முதன்மையானது என்பதே என் அபிப்பிராயம். அந்த அச்சம் ஜனநாயகத்துக்கு உயிர்நாடி. எல்லைகளைத் தந்திரமாக வரைகிறவர்கள் பிரதிநிதியின் நெஞ்சிலிருந்து அதைத்தான் அகற்றப் பார்க்கிறார்கள்.

நீதிமன்றத்தின் ஆணைப்படி திருத்திய எல்லைகளுடன் 2019-இல் நடந்த தேர்தலில் சபை 55-க்கு 45 என்று கைமாறிற்று, சைமண்ட்ஸும் வென்றார். நானூறு ஆண்டு மரபில் முதன்முறையாக ஐலீன் ஃபில்லர்-கார்ன் என்ற பெண்மணி சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தார். 2021-இல் மரண தண்டனை ரத்தாயிற்று. தென்பகுதி மாநிலங்களில் அதைச் செய்தது வர்ஜீனியாவே முதல். அவ்வாண்டுத் தேர்தலில் ரிபப்ளிகன் கட்சி சபையை மீட்டுக்கொண்டதையும் நான் ஜனநாயகத்தின் ஆரோக்கியத்துக்கு அறிகுறியாகவே கொள்கிறேன்.

எல்லை வகுப்பதற்கென்று ஒரு கமிஷனை நிறுவ 2020-இல் வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் தந்தனர். எட்டுச் சட்டசபை உறுப்பினர்களும் எட்டுச் சாதாரணப் பிரஜைகளும் அதில் அமர்ந்தார்கள். கட்சிப் பிணக்கில் அது முடங்கிப் போயிற்று. இறுதியில் மாநில உச்ச நீதிமன்றம் நியமித்த இரு நிபுணர்களே எல்லைகளை வகுத்துத் தந்தார்கள். அந்த எல்லைகளின்படி 2023-இல் நடந்த தேர்தலில் சபை 51-க்கு 49 என்று மறுபடியும் கைமாறியது. ஆகையால், தொகுதிகளை வகுக்கும் எந்தக் கமிஷனிலும் பதவியிலிருக்கும் சட்டசபை உறுப்பினர் ஒருவருக்குக்கூட ஆசனம் தரலாகாது.