கோமாளி மீன் வளர்க்கப் போகிறீர்களா? தொட்டியில் எதோடு எது சேரும் என்று பாருங்கள்

அலங்கார மீன் வளர்ப்பு என்றால் கப்பி, மோலி, தங்க மீன் என்று நன்னீர் ரகங்களோடு நின்ற காலம் மாறி வருகிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. குஞ்சுகளை விற்பனை அளவுக்கு வளர்க்கக் கடலோரப் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சியும் தந்து வருகிறது.

2020ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு ரூ.3 லட்சம் மதிப்பீடு வைக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதம் மானியம். இந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு உள்ளதா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மானியமும் குஞ்சும் கிடைத்துவிட்டால் தொழில் நிலைத்துவிடுமா? உங்கள் மீனை வாங்கியவர் வீட்டில் அது ஒரே மாதத்தில் செத்தால், அவர் திரும்ப வரமாட்டார். சேராத மீன்களை ஒரே தொட்டியில் விடுவது அப்படிச் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே இது வாங்குபவரின் கவலை மட்டுமல்ல, வளர்ப்பவரின் வருமானப் பிரச்னையும்கூட.

குளத்துக் கணக்கு உதவாது

கூட்டு மீன் வளர்ப்பில் கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். தீனிக்குப் போட்டியில்லை என்பதால் மூன்றும் ஒன்றாக வளரும். கடல்நீர்த் தொட்டியில் சண்டை பெரும்பாலும் தீனிக்காக அல்ல, இடத்துக்காக. பவளப்பாறை மீன்கள் பல, ஒரு பொந்தையும் அதைச் சுற்றிய சிறு இடத்தையும் தனதாக்கிக்கொண்டு காவல் காக்கும். கடலில் தோற்ற மீன் விலகிப் போய்விடும். 100 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? மூலையில் ஒதுங்கி, தீனி எடுக்காமல், துடுப்பு கிழிந்து, கடைசியில் நோய் வந்து சாகும்.

சேரும் மீன்கள்

கோமாளி மீன் சிறு தொட்டிக்கு ஏற்றது. ஆனால் ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடிதான். இந்த மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே இருக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். வளர்ந்த இரண்டு பெண் மீன்களைச் சேர்த்து விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை நடக்கலாம். அதனால் விற்கும்போது ஒரே இனத்தில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இளம் ஜோடியாகக் கொடுங்கள். கடல் சாமந்தி இல்லாமலே இவை நன்றாக வாழும்.

மணலை ஒட்டி வாழும் சிறு கோபி மீன், அமைதியான கார்டினல் மீன் ஆகியவை கோமாளியோடு ஒத்துப்போகும். சில கோபி ரகங்கள் துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு வலை மூடி அவசியம்.

சேராத மீன்கள்

டாம்சல் மீன் விலை குறைவு, எளிதில் சாகாது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பல டாம்சல் ரகங்கள் வளர வளர முரடாகி, பிறகு வரும் மீன்களை விரட்டி அடிக்கும்.

சிங்க மீன் தன் வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும். அதன் முள்ளில் விஷமும் உண்டு. சினிமாவால் பிரபலமான நீல டாங் ஒரு அடி வரை வளரும் என்பதால் சிறு தொட்டி போதாது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தை மேய்பவை. கடையில் விற்கும் தீனியைத் தொடாமல் பட்டினியில் சாகும்.

கடல் குதிரையைக் கேட்டு யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி மீன் பிடித்து விற்பதும் குற்றமே. பொரிப்பகக் குஞ்சுக்கு ரசீது இருக்கும், பாறையில் பிடித்த மீனுக்கு இருக்காது. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எத்தனை, எந்த வரிசையில்?

100 லிட்டர் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி, ஒரு கோபி, ஒரு கார்டினல் என நான்கு மீன்கள் போதும். தொட்டி அமைத்தவுடன் மீனை விடக்கூடாது. கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகே மீன். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 33 முதல் 35, வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். நீர் வற்றினால் நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதே காரணம்.

சாதுவான மீன் முதலில், இடம் பிடிக்கும் மீன் கடைசியில் என்பதே வரிசை. கார்டினல், கோபியை விட்டு, இரண்டு வாரம் கழித்துக் கோமாளி ஜோடியை விடலாம். ஏற்கனவே உள்ள மீன் புதியதை விரட்டினால் கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை குலைந்து சண்டை குறையும்.

வளர்ப்பவர் செய்ய வேண்டியது

விற்கும் முன் மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து, வெண்புள்ளி நோய் இல்லை, குருணைத் தீனி எடுக்கிறது என்று உறுதி செய்யுங்கள். தீனிக்குப் பழகியிருப்பதுதான் பொரிப்பக மீனின் பெரிய பலம். வாங்க வருபவரிடம் தொட்டி எத்தனை லிட்டர், உள்ளே என்ன மீன் உள்ளது என்று கேளுங்கள். டாம்சல் நிறைந்த தொட்டிக்குக் கோமாளி கொடுத்து அன்றைய வியாபாரத்தை முடிப்பதைவிட, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் நம்பிக்கை வளரும்.

கடலிலிருந்து தொலைவில் உள்ள மாவட்டத்தவர்கள் செயற்கை உப்பின் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அங்கு நன்னீர் ரகங்களே லாபம் தரக்கூடும். கள அலுவலர்கள் தொட்டி கட்டும் முறையோடு, எந்த மீன் எதோடு சேரும் என்ற பட்டியலையும் பயிற்சியில் சேர்த்தால், மானியத்தில் தொடங்கிய அலகு மானியம் முடிந்த பின்பும் ஓடும்.